தூக்கி நிறுத்த முடிகிற தூரம்

ஒரு துணிப்பையில் இரண்டு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலை வையுங்கள். கூடவே முக்கால் லிட்டர் பாட்டில் ஒன்று. பையை இரண்டு கைகளாலும் பிடித்து முகத்துக்கு நேரே உயர்த்துங்கள். எதிரே கிளையில் ஒரு பறவை உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, அது பறக்கும்வரை காத்திருங்கள். தொலைதூர லென்ஸ் வாங்கலாமா என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆக, இப்போது உங்கள் கையில் இருப்பது, பரவலாக விற்கும் ஒரு 150-600 மி.மீ. ஜூம் லென்ஸும் நடுத்தரக் கேமரா ஒன்றும் சேர்ந்த எடை. முதல் அரை நிமிடம் ஒன்றும் தெரியாது. அதன் பிறகு தோள்பட்டை கடுக்கத் தொடங்கும். மீன்கொத்தி ஒரு கிளையில் அமர்ந்து தண்ணீரையே உற்றுப் பார்த்திருக்கும் நேரம் பெரும்பாலும் அதைவிட அதிகம்.

நான் இந்தச் சோதனையைச் செய்யாமல்தான் என் முதல் பெரிய லென்ஸை வாங்கினேன். பல மாதங்கள் பணம் சேர்த்தேன். கிடைத்த ஒப்பீட்டுப் படங்களையெல்லாம் பெரிதாக்கி, நடுவில் எது கூர்மை, மூலையில் எது கூர்மை என்று இரவு வெகுநேரம் விழித்துப் பார்த்தேன். எடை என்ற வரி ஒவ்வோர் அட்டவணையிலும் இருந்தது. ஒவ்வொரு முறையும் அதைத் தாண்டிப் போனேன். லென்ஸ் வந்தது. நல்ல லென்ஸ்தான், அதன் கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை. முதல் வாரம் முழுக்கக் கையில் பிடித்தே படம் எடுத்தேன். இரண்டாம் மாதம் முக்காலி வாங்கினேன். நான்காம் மாதம் படங்களை அடுக்கிப் பார்த்தபோதுதான் கவனித்தேன்: அவற்றில் பறக்கும் பறவை ஒன்றுகூட இல்லை. முக்காலியின் தலையைத் தளர்த்தி லென்ஸைத் திருப்புவதற்குள் பருந்து வட்டமடித்து மரங்களுக்குப் பின்னால் போய்விடும். அந்த இழப்பு என்னை உண்மையிலேயே வருத்தியது. பறப்பதைப் படம் பிடிக்கத்தானே அத்தனை மாதம் காத்திருந்தேன்?

ஏரிக்கரையில் நான் அடிக்கடி பார்க்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். எழுபதைக் கடந்தவர். மெலிந்த, வெள்ளை நிறக் குழல் ஒன்றைக் கையில் பிடித்தபடி கரையோரமாக நடந்துகொண்டே இருப்பார். கேனன் 1993இல் வெளியிட்ட 400 மி.மீ. எஃப்/5.6 லென்ஸ் அது. (மி.மீ. கூடினால் பறவை பெரிதாகத் தெரியும், எஃப் எண் குறைந்தால் ஒளி கூடுதலாக வரும்.) ஜூம் கிடையாது, நடுக்கத் தடுப்பு கிடையாது. ஒரு நாள் கேட்டேன்.

"ஐயா, பறவைகளுக்கு 400 போதுமா?"

"போதாது தம்பி. எந்த லென்ஸும் போதாது. ஆனால், இது ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை என் கையிலேயே இருக்கும். உங்களுடையது எங்கே?"

என்னுடையது பத்தடி தள்ளி முக்காலியின் மேல் நின்றது.

அவர் தன் லென்ஸை வாங்கிப் பார்க்கச் சொன்னார். 1,250 கிராம். தூக்கியதும் கண்ணுக்கு வந்தது. அவ்வளவுதான் வேறுபாடு, ஆனால் அதுதான் எல்லாம். கையில் பிடித்து எடுப்பதற்கு லென்ஸ் தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டிய எண் மில்லிமீட்டரும் இல்லை, எஃப் எண்ணும் இல்லை, கிராம். இரண்டு மணி நேரம் உங்களால் எத்தனை கிராமைத் தூக்கித் தூக்கி இறக்க முடியும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அந்த எடைக்குள் கிடைக்கிற நீளத்தையும் ஒளியையும் பிறகு தேடலாம். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்ததால்தான் நான் அந்த நான்கு மாதங்களை இழந்தேன்.

"அப்படியானால் தூரம் போய்விடுமே" என்பார்கள். எவ்வளவு போகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். மீன்கொத்திகளில் சிறியது அலகு முதல் வால் வரை ஏறத்தாழ 16 செ.மீ. அது 20 மீட்டர் தொலைவில் இருக்கிறது. 600 மி.மீ. லென்ஸ் அதை, கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரின் மேல் 4.8 மி.மீ. நீளத்துக்கு வரையும். 400 மி.மீ. லென்ஸ் 3.2 மி.மீ. நீளத்துக்கு. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் (36 மி.மீ. அகல சென்சார்) கேமராவில் இது முறையே 800 பிக்சல், 530 பிக்சல். வேறுபாடு பெரிதுதான், மறுக்கவில்லை. பரப்பளவில் இரண்டேகால் மடங்கு. ஆனால், அதே 24 மெகாபிக்சலைச் சிறிய கிராப் சென்சாரில் அடைத்திருக்கும் கேமராவில் இந்த 400 லென்ஸை மாட்டினால், பறவையின் மேல் விழும் பிக்சல்கள் மறுபடி 800ஐத் தொட்டுவிடுகின்றன. அதைவிடவும் சிறிய சென்சார் கொண்ட மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராவில் 300 மி.மீ. லென்ஸே 20 மெகாபிக்சலில் 700க்கு மேல் தருகிறது. ஒலிம்பஸின் 75-300 லென்ஸ் 423 கிராம்தான். செலவும் குறைய வேண்டும், கையும் நோகக் கூடாது என்றால் லென்ஸை நீட்டுவதைவிட சென்சாரைச் சிறிதாக்குவது நேர்வழி. ஃபுல் ஃப்ரேம் கேமரா வைத்திருப்பதை ஒரு தகுதியாக நினைத்துக்கொண்டு இந்த வழியை எட்டிப் பார்க்காமலே விடுகிறவர்கள் பலர். அவர்கள் ஒரே ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இன்னொரு கணக்கு இதைவிட எளியது. 20 மீட்டரில் இருக்கும் பறவையை நோக்கி ஆறு மீட்டர் நடந்தால், லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டிப் பிம்பத்தைப் பெரிதாக்கும் டெலிகன்வெர்ட்டரில் 1.4 மடங்கு ஒன்றை மாட்டிய பலன் கிடைக்கிறது. கன்வெர்ட்டர் ஒளியில் பாதியைத் தின்றுவிடும், நடை தின்பதில்லை. எடை குறைந்த லென்ஸோடு குனிந்தும் தவழ்ந்தும் போகலாம். இரண்டேமுக்கால் கிலோவைத் தூக்கிக்கொண்டு யாரும் மண்ணில் முழங்கையூன்றி ஊர்வதை நான் பார்த்ததில்லை. அருகில் போவதற்கு வேறொரு பயனும் உண்டு. வெயில் ஏறிய பின் நிலத்திலிருந்து எழும் கானல், தூரத்துப் படத்தை நீருக்கடியில் இருப்பதுபோல் நெளிய வைக்கும். எவ்வளவு விலை கொடுத்த லென்ஸும் அந்தக் காற்றைத் துளைத்துப் பார்க்காது. 'என் லென்ஸ் கூர்மையாக இல்லை' என்று என்னிடம் காட்டப்பட்ட படங்களில் பல, நண்பகலில் நூறு மீட்டருக்கு அப்பால் எடுத்தவை.

ஒளியைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் எஃப் எண் நம்மை வழிதவறச் செய்கிறது. அந்த எண், குவியத்தூரத்தை (லென்ஸின் பெயரில் வரும் மி.மீ. எண்ணை) லென்ஸின் திறப்பு விட்டத்தால் வகுத்து வருவது. திருப்பி வகுத்தால் விட்டம் கிடைத்துவிடும். 400 எஃப்/5.6க்கு 71 மி.மீ. 600 எஃப்/6.3க்கு 95 மி.மீ. 800 எஃப்/11க்கு 73 மி.மீ. தூரத்தில் இருக்கும் ஒரு பறவையிலிருந்து புறப்பட்ட ஒளியில் எவ்வளவு நம் கேமராவுக்குள் வருகிறது என்பதைத் தீர்மானிப்பது இந்த விட்டம்தான். ஆகவே 400 எஃப்/5.6 படத்தைப் பாதியாக வெட்டிப் பெரிதாக்கினாலும், 800 எஃப்/11 படத்தை அப்படியே பார்த்தாலும், பறவையின் மேல் தெரியும் மணல்போன்ற புள்ளியிரைச்சல் ஏறத்தாழ ஒன்றுதான். கேனன் 2020இல் 600, 800 ஆகிய இரண்டு எஃப்/11 லென்ஸ்களைக் கொண்டுவந்தபோது, அந்தப் பதினொன்றைப் பார்த்தே பலர் ஒதுக்கினார்கள். 800 எடுத்தவர் அப்படி ஒன்றும் ஒளியை இழந்துவிடவில்லை. 600இன் கதை வேறு. அதன் திறப்பு 55 மி.மீ.தான். 930 கிராம் எடையுள்ள அதை, 1,930 கிராம் எடையுள்ள சிக்மா 150-600 காண்டெம்பரரியோடு ஒப்பிட்டால், பாதி எடைக்கு மூன்றில் ஒரு பங்கு ஒளி. வெயிலில் திரிகிறவருக்கு இது நல்ல பேரம். விடியற்காலைக் காட்டுக்குள் நிற்கிறவருக்கு இல்லை. கேனனின் இந்த இரண்டு எஃப்/11 லென்ஸ்களிலும் திறப்பு (துளை) எஃப்/11லேயே நிலைத்தது, மாற்ற முடியாது. ஃபோகஸும் படச்சட்டத்தின் நடுப்பகுதியில் மட்டுமே செயல்படும். மிக அருகே ஃபோகஸ் ஆகும் தூரம் 600க்கு 4.5 மீட்டர், 800க்கு 6 மீட்டர். தோட்டத்துச் சிட்டுகளையும் பட்டாம்பூச்சிகளையும் எடுக்க நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

2013 இறுதியில் டாம்ரான் தன் 150-600 லென்ஸை அறிவித்ததுதான் சாதாரணமானவர்களுக்கு 600 மி.மீ.யைத் திறந்துவிட்டது. அதுவரை கூர்மையான 600 என்றால் தொழில்முறையாளர்களின் எஃப்/4 லென்ஸ். விலையும் எடையும் நமக்கு எட்டாதவை. (கேனனின் மிக எடை குறைந்த 600 எஃப்/4கூட மூன்று கிலோவுக்கு மேல்.) டாம்ரானைத் தொடர்ந்து சிக்மாவின் இரண்டு 150-600கள், 2015இல் நிக்கானின் 200-500 எஃப்/5.6, 2019இல் சோனியின் 200-600, 2023இல் நிக்கானின் 180-600 என்று வரிசை நீண்டது. எல்லாம் ஏறத்தாழ இரண்டு கிலோவில்தான் வந்து நிற்கின்றன, நிக்கான் 200-500 முக்காலியில் பொருத்தும் தாங்கியோடு 2,300 கிராம். சிக்மாவின் ஸ்போர்ட்ஸ் வகை 2,860 கிராம். அதைக் கையில் பிடித்து எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், அவருடைய தோளைப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

இந்த இரண்டு கிலோக் கூட்டத்துக்குக் கீழே இருப்பவைதான் எனக்குப் பிடித்தவை. சிக்மா, டாம்ரான் இரண்டும் 2017இல் கொண்டுவந்த 100-400கள் ஒரு கிலோவுக்கு மேல் ஏறத்தாழ நூற்றைம்பது கிராம். கேனனின் மிரர்லெஸ் (உள்ளே ஆடி இல்லாத) கேமராக்களுக்கான 100-400 எஃப்/5.6-8 வெறும் 635 கிராம். கழுத்தில் தொங்குவதே மறந்துபோகும் எடை. 400இல் எஃப்/8 என்பது மங்கலான நேரங்களில் கையைக் கட்டிவிடும், அதை அறிந்தே வாங்க வேண்டும். நிக்கானின் 300 எஃப்/4 பி.எஃப். லென்ஸ் 755 கிராம், அதற்கு முந்தைய 300 எஃப்/4இன் பாதி எடைதான். உள்ளே ஒரு கண்ணாடியில் நுண்ணிய வளையப் படிகளைச் செதுக்கி ஒளியை வளைக்கிறார்கள், அதனால் குழல் குட்டையாகிறது. சட்டத்துக்குள் பலமான விளக்கொளி வந்தால் வளையமாகக் கறை விழலாம். பறவை எடுப்பவருக்கு அது அபூர்வம். அதே உத்தியில் 2018இல் வந்த 500 எஃப்/5.6 எடை 1,460 கிராம். கைக்கென்றே செய்ததுபோல் இருக்கும். புதிதாக வாங்கினால் சிக்கனம் என்ற சொல்லுக்குள் அடங்காது, ஏற்கெனவே பயன்படுத்தியதாகக் கிடைத்தால் யோசிக்கலாம்.

கண்ணாடிப் பிம்ப லென்ஸ்கள், அதாவது ஒளியை உள்ளே ஆடிகளால் மடக்கும் 500 எஃப்/8 மிரர் லென்ஸ்கள், மலிவும் எடைக்குறைவும் ஆனவை. பின்னணியில் ஒளிப்புள்ளிகள் வளையங்களாகிவிடும், பெரும்பாலானவற்றில் ஃபோகஸைக் கையால் திருப்ப வேண்டும். மினோல்டாவின் 500 மட்டும் தானியங்கி ஃபோகஸ் கொண்டது. ஆசைக்கு வாங்கலாம், நம்பி வாங்க வேண்டாம். எஃப்/6.3 ஜூமின் பின்னால் இரண்டு மடங்கு கன்வெர்ட்டர் மாட்டுவதையும் இதே பட்டியலில் சேர்ப்பேன்.

கைநடுக்கம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஓர் எண் சொல்லிவிடும். படம் பதிவாகும் நேரத்தில் கை ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு அசைந்தது என்று வைத்துக்கொள்வோம். 50 மி.மீ. லென்ஸில் பிம்பம் 0.09 மி.மீ. நகரும். 600இல் ஏறத்தாழ ஒரு மி.மீ. நகரும், 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமில் அது 175 பிக்சல். கேமராவுக்குள் சென்சாரை அசைத்து நடுக்கத்தைத் தணிக்கும் முறை நீண்ட லென்ஸ்களில் திணறுவதற்குக் காரணமும் இதுதான்: சென்சார் அவ்வளவு தூரம் ஓட வேண்டும். லென்ஸுக்குள்ளேயே இருக்கும் நடுக்கத் தடுப்பு இங்கே கூடுதல் பலன் தரும். ஆனால், அது நம் கையைத்தான் நிறுத்தும், பறவையை நிறுத்தாது. 600 மி.மீ.யில் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் நொடியில் 1/600 என்ற பழைய விதியைத் தடுப்பின் தயவால் 1/60 வரை தளர்த்தலாம், கிளையில் அசையாமல் இருக்கும் ஆந்தைக்கு அது போதும். தலையைச் சட்டென்று திருப்பும் சிட்டுக்கு 1/500 வேண்டும். பறப்பதற்கு 1/2000. அந்த வேகத்தில் நடுக்கத் தடுப்பு படத்துக்குச் செய்யும் உதவி மிகக் குறைவு. காட்சித்திரையில் பறவை துள்ளாமல் நிற்பதுதான் உண்மையான உதவி. பெரியவரின் பழைய 400 லென்ஸ் தடுப்பே இல்லாமல் அத்தனை பறக்கும் படங்களைத் தந்த இரகசியமும் இங்கேதான் இருக்கிறது.

அட்டவணையில் வராத ஒன்று, எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. ஜூம் செய்யும்போது முன்குழல் வெளியே நீளும் லென்ஸில், கண்ணாடிகள் முன்னே போகப் போக இடது மணிக்கட்டின் மேல் பாரம் ஏறும். சோனி 200-600, நிக்கான் 180-600 இரண்டும் வெளியே நீளாதவை, எந்தக் குவியத்தூரத்திலும் சமநிலை பெரிதாக மாறாது. பைக்குள் இடம் அதிகம் கேட்கும் என்றாலும், கையில் அதே எடை குறைவாகத் தோன்றும். வாங்குமுன் ஒரே ஒரு முறையாவது உங்கள் கேமராவில் மாட்டி, முழுதாக நீட்டி, கண்ணில் வைத்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

பிடிக்கும் விதம் எடையில் பாதியைக் கரைத்துவிடும். இடது உள்ளங்கை வானம் பார்த்து லென்ஸின் அடியில், சமநிலைப் புள்ளிக்குச் சற்று முன்னால். இரண்டு முழங்கைகளும் விலாவில் ஒட்டியிருக்க வேண்டும். புருவத்தோடு கேமரா அழுந்தட்டும், அது மூன்றாவது தாங்கு. இடது கால் அரையடி முன்னே. முக்காலித் தாங்கியைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள், முடியாவிட்டால் மேல்பக்கம் திருப்பிவிடுங்கள், தூக்கி நடக்கக் கைப்பிடியாகும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, மூன்று நான்கு படங்களாக அழுத்துங்கள். விரல் அழுத்தும் அதிர்ச்சி முதல் படத்தோடு போய்விடும். பறவையைக் கண்டதும் பார்வையை எடுக்காமல் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். 600இல் 20 மீட்டர் தொலைவில் சட்டத்துக்குள் அடங்குவது 1.2 மீட்டர் அகலம்தான், 150இல் 4.8 மீட்டர். அகலமாகத் தேடிப் பிடித்து, பிறகு நெருங்குவதற்கு ஜூம் தரும் வசதியை, ஒரே குவியத்தூரம் கொண்ட பிரைம் லென்ஸ் தராது. பெரியவர் அதைப் பல ஆண்டுப் பழக்கத்தால் ஈடுகட்டியிருந்தார். தொடங்குகிறவருக்கு நான் ஜூமையே சொல்வேன்.

பயன்படுத்திய லென்ஸ் வாங்குவதில் எனக்குத் தயக்கமில்லை, பார்த்து வாங்க வேண்டும். செய்தித்தாளின் பக்கங்களைச் சுவரில் சட்டம் நிறைய ஒட்டி, லென்ஸை முழுதாக நீட்டி, துளையை முழுதாகத் திறந்து, வேகமான ஷட்டரில் பத்துப் படம் எடுங்கள். நான்கு மூலைகளும் ஒன்றுபோல் சற்று மங்கினால் அது அந்த லென்ஸின் இயல்பு. ஒரு பக்கம் மட்டும் எப்போதும் மங்கினால், சுவருக்கு நேராகத்தான் நின்றீர்களா என்று பார்த்து மீண்டும் எடுங்கள். அப்போதும் மங்கினால் உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி இடம் மாறியிருக்கிறது, விட்டுவிடுங்கள். டார்ச் அடித்துப் பின்னாலிருந்து பாருங்கள். இரண்டு மூன்று தூசிகளால் கெடுதல் இல்லை. சிலந்திவலைபோல் கிளைவிட்ட பூஞ்சைக்கும், பால்போல் படர்ந்த மங்கலுக்கும் பணம் கொடுக்காதீர்கள். ஷட்டரைப் பாதி அழுத்தி நடுக்கத் தடுப்பு பிம்பத்தை நிறுத்துகிறதா என்று கவனியுங்கள். வேற்று நிறுவன லென்ஸ் என்றால் உங்கள் கேமராவில் ஃபோகஸ் ஒழுங்காக ஓடுகிறதா என்பதை நேரில் பார்ப்பது மிக முக்கியம். தயாரிப்பு நின்றுபோன லென்ஸுக்கு உதிரிபாகம் கிடைக்குமா என்பதையும் கேட்டு வையுங்கள்.

இரண்டு கிலோ ஜூமைக் கொடுத்துவிட்டு, என் கிராப் சென்சார் கேமராவுக்கு ஒரு 100-400ஐ வாங்கினேன். மறுநாள் காலை ஏரிக்கரையில் ஒரு பருந்து தலைக்கு மேல் தாழ வந்தது. கேமரா எப்போது கண்ணுக்கு வந்தது என்றே எனக்குத் தெரியவில்லை. பதினோரு படங்கள். பெரியவரிடம் ஓடிப்போய்த் திரையைக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தார்.

"கண் நன்றாக வந்திருக்கிறது தம்பி. இறக்கை நுனி கலங்கியிருக்கிறது பாருங்கள். ஷட்டரை 1/2000க்கு ஏற்றி வையுங்கள், அது திரும்பி வரும்."

ஏற்றி வைத்துக்கொண்டு நின்றேன்.